தொலைபேசி ஓயாத இடமே தேடல் கருவிக்கு ஏற்ற இடம்

சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல், புல்லிச் சக்கரங்களுக்கு இடையே சுழற்சியைக் கடத்தும் வி பெல்ட் ஆகிய மூன்று உதிரிபாகங்களுக்கு மட்டுமான ஒரு தேடல் கருவியைக் கோவையில் நடத்திவருகிறேன். உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 என்று மில்லிமீட்டரில் மூன்று அளவுகளைக் கொடுத்தால் அந்த பேரிங்கின் எண் 6205 என்று அது சொல்லும். ஒரு கம்பெனியின் எண்ணைக் கொடுத்தால், மற்ற கம்பெனிகள் அதே பொருளை எந்த எண்ணில் விற்கின்றன என்று காட்டும். நூற்பாலைகளின் பராமரிப்புப் பிரிவினர், சோமனூர் பக்கத்து விசைத்தறி மெக்கானிக்குகள், மோட்டார் பம்பு பழுதுபார்ப்பவர்கள், பேரிங் கடைக்காரர்கள் ஆகியோர் இதைப் பயன்படுத்துகிறார்கள். "எல்லாம்தான் கூகுளில் கிடைக்கிறதே, இதற்கு எப்படி இடம் இருந்தது?" என்று இளம் நிரலாளர்கள் என்னிடம் கேட்பதுண்டு. இது நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த அளவில் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

என் மாமா பேரிங் கடை வைத்திருக்கிறார். அவருக்கு பில் போடும் மென்பொருள் எழுதித் தரப் போய், கவுண்டருக்குப் பின்னால் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். அங்கே என் கவனத்தை இழுத்தது பில் இல்லை, தொலைபேசி. அழைத்தவர்களில் பெரும்பாலோர் விலை கேட்கவில்லை, தங்களுக்கு வேண்டிய பொருள் எது என்பதையே கேட்டார்கள்.

"அண்ணா, நம்பர் தேய்ந்துவிட்டது. உள்ளே இருபத்தைந்து, வெளியே ஐம்பத்திரண்டு. இரண்டு பக்கமும் ரப்பர் மூடி."

"அகலம் பதினைந்தா, பதினெட்டா தம்பி?"

"பதினைந்து."

"அப்படியானால் 6205. பதினெட்டு என்றால் 62205 ஆகிவிடும். நன்றாக அளந்து பார்த்துச் சொல்."

மாமா இந்தப் பதிலை எந்தப் புத்தகத்தையும் புரட்டாமல் சொல்லிவிடுவார். அவர் சாப்பிடப் போன நேரத்தில் அழைப்பு வந்தால் கடைப் பையன் திணறுவான். மறுமுனையில் ஓர் இயந்திரம் நின்றுகொண்டிருக்கும். நான் அந்த அழைப்புகளை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். யார் கேட்டார், என்ன கேட்டார், எந்தச் சொற்களில் கேட்டார், மாமா திருப்பிக் கேட்ட கேள்வி என்ன என்று நான்கு பத்திகள். இன்று என் கருவியில் உள்ள ஒவ்வொரு வசதிக்கும் மூலம் அந்த நோட்டுதான்.

ஒரே துறைக்கான சிறப்புத் தேடல் கருவிக்கு இடம் தேடுபவர்கள் பொதுவாக இணையத்தில் தேடுகிறார்கள்: எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்தத் துறையில் போட்டி குறைவு என்று புள்ளிவிவரம் பார்க்கிறார்கள். அந்தப் புள்ளிவிவரத்தில் ஏற்கனவே தேடுபொறியில் தட்டச்சு செய்யப்பட்ட கேள்விகள் மட்டுமே இருக்கும். தேடிப் பயனில்லை என்று தெரிந்து, தட்டச்சு செய்வதையே விட்டுவிட்டு அனுபவசாலி ஒருவரைத் தொலைபேசியில் அழைப்பவர்களின் கேள்விகள் அதில் ஒருபோதும் வராது. நமக்கான வாய்ப்பு அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. ஒரு தொழிலில் எல்லோரும் ஒரே ஆளை அழைக்கிறார்கள் என்றால் அங்கே போய் உட்காருங்கள். அவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர் என்றால் இன்னும் சீக்கிரம் போங்கள்.

அடுத்து, கேள்வியின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். பொதுத் தேடுபொறி சொற்களைக் கையாள்வதில் வல்லது. 'கத்தரிக்காய் சாம்பார் செய்வது எப்படி' என்ற கேள்வியை அதைவிடச் சிறப்பாக யாராலும் கையாள முடியாது, எனவே அந்தப் பக்கம் போகவே கூடாது. பேரிங் கேள்விகள் சொற்களால் ஆனவை இல்லை. அவை அளவுகளாலும், அளவுகளில் வரும் சிறு பிசகுகளாலும், ஒன்றுக்கொன்று ஈடான எண்களாலும் ஆனவை. வெர்னியர் அளவுகோலில் 24.9 என்று அளந்தவருக்கு வேண்டியது 25. பொதுத் தேடுபொறிக்கோ 24.9 என்பது வெறும் எழுத்துகளின் தொடர், அதாவது ஒரு சரம். அந்தச் சரம் உள்ள பக்கங்களை அது தேடித் தரும். அவற்றில் பேரிங்குக்குச் சம்பந்தமே இல்லாத பக்கங்களும் கலந்துவிடும்.

இந்த எண்களின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கருவியின் உயிர் அதில்தான் இருக்கிறது. 6205 என்பதில் முதல் 6, ஒற்றை வரிசை ஆழ்பள்ளப் பந்து பேரிங் என்ற வகையைக் குறிக்கும். அடுத்த 2, அளவு வரிசை. கடைசி 05ஐ ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் 25 மில்லிமீட்டர். 04 முதல் இந்தப் பெருக்கல் பொருந்தும். அதற்கு முன்னால் 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. எந்தக் கம்பெனி செய்தாலும் 6205இன் வெளி அளவுகள் ஒன்றுதான். ஐ.எஸ்.ஓ 15 என்ற பன்னாட்டுத் தரம் அவற்றை வரையறுத்திருக்கிறது. ஆனால் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டு பக்கமும் உள்வளையத்தைத் தொடும் ரப்பர் மூடி என்பதை எஸ்.கே.எஃப் '2ஆர்.எஸ்.எச்' அல்லது '2ஆர்.எஸ்.1' என்று எழுதும், என்.எஸ்.கே 'டி.டி.யு' என்றும், என்.டி.என் 'எல்.எல்.யு' என்றும் எழுதும். மில்லின் ஸ்டோரில் இருப்பது ஒரு கம்பெனி, கடையில் கிடைப்பது இன்னொன்று. பல அழைப்புகள் இந்த ஓர் இடைவெளியில் பிறப்பவை.

அதனால் கருவியின் முதல் வேலை, எந்தக் கம்பெனியின் எண் வந்தாலும் அதைப் பிரித்துப் பொதுவான பண்புகளாக மாற்றிவைப்பது: வகை, மூன்று அளவுகள், மூடியின் தன்மை, பந்துகளுக்கும் வளையங்களுக்கும் நடுவே உள்ள உள் இடைவெளி. தேடல் அந்தப் பண்புகளின் மீது நடக்கிறது. இது பெரிய கணினி அறிவியல் இல்லை. பொறுமையாக உட்கார்ந்து ஒரு மாற்று அட்டவணை தயாரிக்கும் வேலை. ஆனால் இந்த அட்டவணையைத் தயாரிக்கும் பொறுமை பொதுத் தேடுபொறிக்காரருக்கு வராது, அவருக்கு அது தேவையும் இல்லை. நமக்கு அரணாக நிற்பது அதுதான்.

பிசகுகளை ஏற்பதிலும் துறை அறிவு வேண்டும். அரை மில்லிமீட்டர் முன்பின்னாக இருந்தால் பக்கத்து நியம அளவைக் காட்டு என்று பொத்தாம்பொதுவாக விதி எழுதினால் 25க்கும் 25.4க்கும் வித்தியாசம் மறைந்துவிடும். 25.4 என்பது சரியாக ஓர் அங்குலம். பழைய இயந்திரங்கள் பலவற்றில் அங்குல அளவு பேரிங்குகள் இருக்கின்றன. 25.3 என்று அளந்து கேட்பவருக்கு இரண்டையும் காட்டி, 'இயந்திரம் அங்குல அளவில் செய்யப்பட்டதா?' என்று என் கருவி திருப்பிக் கேட்கும். மாமா தொலைபேசியில் கேட்ட அதே கேள்வி. நோட்டில் நான்காவது பத்தி எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். நிபுணர் சொல்லும் பதிலைவிட அவர் திருப்பிக் கேட்கும் கேள்வி நமக்கு மதிப்புள்ளது.

வி பெல்ட்டில் இன்னும் சுவையான சிக்கல். பி-52 என்றால் பி பிரிவு, உள்நீளம் 52 அங்குலம். ஆனால் மெக்கானிக் கழற்றிய பழைய பெல்ட்டைத் தரையில் போட்டு வெளிப்பக்கமாக டேப்பால் அளப்பார். பி பிரிவு பெல்ட்டின் மேலகலம் 17 மில்லிமீட்டர், உயரம் 11 மில்லிமீட்டர். வெளிச்சுற்றுக்கும் உள்சுற்றுக்கும் உள்ள வித்தியாசம் அந்த உயரத்தைப் போல இரண்டு பை மடங்கு, அதாவது ஏறத்தாழ 69 மில்லிமீட்டர். அங்குலத்தில் இரண்டேமுக்காலுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே அவர் அளந்தால் 54.7 அங்குலம் வரும். பி-55 என்று கேட்பார், பி-55ஐ வாங்கிப் போவார், அது புல்லியில் தொளதொளவென்று ஓடும். 'எந்தப் பக்கம் அளந்தீர்கள்?' என்று ஒரு பொத்தானை வைத்தேன். என் கருவியில் அதிகம் பாராட்டப்படும் வசதி அதுதான்.

தரவு எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. தகவல் இணையத்தில் இருக்கிறது, ஆனால் தேட முடியாத வடிவத்தில் இருக்கிறது என்ற நிலை நமக்கு நல்லது. பேரிங் கம்பெனிகளின் கேட்லாக்குகள் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட பிடிஎஃப் கோப்புகள். அட்டவணையின் தலைப்பு ஒரு பக்கத்தில், எண்கள் எதிர்ப் பக்கத்தில். அவற்றிலிருந்து எண்களைப் பிரித்தெடுக்கும்போது பத்திகள் இடம் மாறும், புள்ளி காணாமல் போகும். இங்கே பேரிங் துறை எனக்குப் பெரும் உதவி செய்தது, ஏனென்றால் அதன் தரவு தன்னைத்தானே சரிபார்க்கும். எண்ணின் கடைசி இரு இலக்கங்களை ஐந்தால் பெருக்கி வருவதும் உள்விட்டப் பத்தியில் உள்ளதும் பொருந்தவில்லை என்றால் அந்த வரி தவறாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கம்பெனிகளின் 6205 அளவுகள் வேறுபட்டால் ஏதோ ஒன்று தவறு. ஒரு துறையைத் தேர்ந்தெடுக்கும்போது இப்படி உள்ளேயே சரிபார்க்கும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியையும் மனிதக் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கும், தனி ஆளால் அது முடியாது.

இன்னொன்று, இந்த அளவுகள் மாறுவதில்லை. விலையும் இருப்பும் நாள்தோறும் மாறும், ஆகவே அவற்றை நான் தொடவில்லை. ஒரு முறை உழைத்துச் சேர்த்தால் பல ஆண்டுகள் பயன் தரும் தரவு, சிறிய ஆளுக்கு உகந்தது. நாள்தோறும் புதுப்பிக்க வேண்டிய தரவுக்கு ஆள்பலம் வேண்டும். கேட்லாக்கின் படங்களையும் விளக்கங்களையும் நான் எடுப்பதில்லை, அவை அந்தக் கம்பெனிகளின் உழைப்பு. அளவுகளைக் காட்டி, மேல்விவரத்துக்கு அவர்களுடைய பக்கத்துக்கே இணைப்புக் கொடுக்கிறேன். எந்தத் தளத்திலாவது தானியங்கி நிரல்கள் இந்தப் பகுதிக்கு வர வேண்டாம் என்று எழுதியிருந்தால் அதை மதிக்கிறேன். இந்தத் தொழிலில் நீடிக்க நினைப்பவருக்கு இது அடிப்படை ஒழுக்கம்.

தொழில்நுட்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1999இல் டக் கட்டிங் என்ற நிரலாளர் லூசீனை எழுதிய காலம் தொட்டு, அதைப் போன்ற நல்ல தேடல் நூலகங்கள், அதாவது ஆயத்த நிரல்தொகுப்புகள், இலவசமாகவே கிடைக்கின்றன. என் தரவு ஒரு சாதாரணத் தரவுத்தளத்தில் அடங்கிவிடும். எஸ்.க்யூ.லைட், போஸ்ட்கிரெஸ் ஆகிய தரவுத்தள மென்பொருள்கள் எண்ணை மும்மூன்று எழுத்துகளாக உடைத்து அட்டவணையிடும் வசதி தருகின்றன. பாதி தேய்ந்த எண்ணை வைத்துத் தேடுவதற்கு அது மிகவும் பொருத்தம். பெரிய கட்டமைப்பை அமைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

வெற்றிபெற்ற சிறப்புத் தேடல் கருவிகளைப் பார்த்தால் கேள்வியின் வடிவம் என்ற இந்த ஒன்று எல்லாவற்றிலும் தெரிகிறது. 2002இல் பிரிட்டனில் ஷசாம் தொடங்கியபோது, 2580 என்ற எண்ணை அழைத்து, ஒலிக்கும் பாட்டின் பக்கம் தொலைபேசியை நீட்டினால் போதும், பாட்டின் பெயர் குறுஞ்செய்தியில் வந்துவிடும். கேள்வியே ஒலிதான், அதைத் தட்டச்சு செய்ய வழியில்லை. 2008இல் வந்த டின்ஐ, படத்தையே கேள்வியாக எடுத்துக்கொண்டது. 2007இல் தொடங்கிய ஆக்டோபார்ட், மின்னணு உதிரிபாகங்களின் எண்களைப் பல விற்பனையாளர்களிடம் ஒரே நேரத்தில் தேடித் தந்தது. எனக்கு மிக நெருக்கமான முன்னோடி அதுதான். நம் நாட்டில் சுஷாந்த் சின்ஹா 2008இல் தொடங்கிய இந்தியன் கானூன், சட்டப் பிரிவுகளையும் அவற்றை மேற்கோள் காட்டும் தீர்ப்புகளையும் இணைத்தது. வழக்கறிஞரின் கேள்வி 'இந்தப் பிரிவைப் பற்றி நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன' என்பது. சொல் தேடல் மட்டும் அதற்குப் போதாது, மேற்கோள் வலையும் வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில், 2008இல் கூல் என்ற தேடுபொறி பன்னிரண்டாயிரம் கோடிப் பக்கங்களை அட்டவணையிட்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தது. 2010இல் மூடப்பட்டது. அதே கேள்விகளுக்கு அதே வகைப் பதில்களை அதிகப் பக்கங்களிலிருந்து தருவது மக்களுக்கு வேண்டியிருக்கவில்லை. மறுபுறம், பணம் கொழிக்கும் துறையில் நன்றாகச் செய்தாலும் பெரியவர்கள் வந்துவிடுவார்கள். விமானப் பயணத் தேடலுக்கு அடித்தளம் தந்த ஐ.டி.ஏ சாஃப்ட்வேரை 70 கோடி டாலருக்கு வாங்கும் ஒப்பந்தத்தை கூகுள் 2010இல் அறிவித்தது. 2011இல் அது நிறைவேறியது, அதே ஆண்டு கூகுளின் சொந்த விமானத் தேடல் வெளிவந்தது. ஆகவே பயணம், வேலைவாய்ப்பு, வீடு ஆகிய மூன்றையும் நான் யோசிக்கவே இல்லை. பெருநிறுவனம் ஒன்று ஆள்போட்டுச் செய்யும் அளவுக்குப் பெரியதாக இருக்கக் கூடாது, நான்கு பேர் காசு கொடுக்கும் அளவுக்காவது வலி இருக்க வேண்டும். பேரிங் அந்த நடுவில் நிற்கிறது.

வலி என்று சொன்னேன். பதில் கிடைக்காவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்பதை அளந்து பாருங்கள். பொழுதுபோக்காகத் தேடுபவர் காசு தரமாட்டார். இயந்திரம் நின்றால் ஷிஃப்ட் முழுக்க உற்பத்தி போகும் மில்காரர் தருவார் என்றுதான் நானும் முதலில் கணக்கிட்டேன். ஆனால் பேசிப் பார்த்தபோது வேறு ஒன்று தெரிந்தது. மில்லில் இயந்திரத்தைச் சரிசெய்யும் பிட்டருக்கு வலி, காசு கொடுப்பவர் வேறு ஒருவர், அவருக்கு அந்த வலி எட்டுவதில்லை. பேரிங் கடைக்காரருக்கோ வலியும் பணமும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. அனுபவசாலி விடுப்பில் போனால் வியாபாரம் கைவிட்டுப் போகிறது என்பது அவருக்கே தெரியும். அதனால் தேடுபவர்களுக்கு இலவசம், கடைகளுக்கு ஆண்டுக் கட்டணம் என்று வைத்தேன். கட்டணம் செலுத்தும் கடையின் பெயர் முடிவுகளுக்குக் கீழே தனியாக வரும். பதிலின் வரிசையை மட்டும் காசுக்கு மாற்ற மாட்டேன் என்று முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஒரு முறை தவறான ஈடு காட்டினால் அந்த பிட்டர் திரும்ப வரமாட்டார்.

தவறான ஈடு என்பது இந்தத் துறையில் விளையாட்டில்லை. என்.எஸ்.கேயின் 'வி.வி' மூடியும் ரப்பர்தான், ஆனால் உள்வளையத்தைத் தொடாது. 'டி.டி.யு' தொடும். அதிவேகத்தில் சுழலும் இடத்தில் தொடும் மூடியைப் போட்டால் சூடேறும். தூசியும் தண்ணீரும் படும் இடத்தில் தொடாத மூடியைப் போட்டால் உள்ளே அழுக்கு போகும். அளவு மட்டும் பொருந்தினால் 'அளவு ஒன்று, மூடி வேறு' என்று சிவப்பில் காட்டுகிறேன். சி3 என்ற கூடுதல் உள் இடைவெளிக்கும் அப்படியே. சிறப்புத் தேடல் கருவி, பொருந்துவதைக் காட்டும் அளவுக்குப் பொருந்தாததையும் காட்ட வேண்டும். இப்போது பலர் செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் இந்தக் கேள்விகளைக் கேட்கிறார்கள். இல்லாத எண்ணையும் இருப்பதைப் போலவே உறுதியான குரலில் அவை சொல்லிவிடுவதைக் கடைக்காரர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். கேள்வியைப் புரிந்துகொள்ள அந்த நுட்பம் நன்றாக உதவுகிறது. '6205 இரண்டு பக்கம் ரப்பர்' என்று தமிழில் தட்டச்சு செய்வதைப் பண்புகளாகப் பிரிக்க நானும் அதைப் பயன்படுத்துகிறேன். பதிலை மட்டும் சரிபார்த்த அட்டவணையிலிருந்தே எடுக்கிறேன்.

கருவி ஓடத் தொடங்கிய பிறகு தொலைபேசி நோட்டின் இடத்தைப் பதில் கிடைக்காத தேடல்களின் பதிவு பிடித்துக்கொண்டது. வாரம் ஒரு முறை அதை முழுவதும் படிக்கிறேன். ஆயில் சீல் என் முதல் திட்டத்தில் இல்லவே இல்லை. '25-40-7' என்று மூன்று எண்களாக வந்து விழுந்த தேடல்கள்தான் அதைச் சேர்க்க வைத்தன: ஷாப்ட் (சுழலும் தண்டு), ஹவுசிங் (சீல் உட்காரும் குழி), அகலம். எண்ணின் ஒழுங்கைப் பார்த்தே மக்கள் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. எழுத்துப் பிழைகளையும் இந்தப் பதிவே சொல்லிக் கொடுத்தது. பேரிங், பியரிங், பேரிங்கு என எல்லா வடிவங்களும் வருகின்றன, எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன்.

வேறு எங்கே இடம் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் முதல் இடம் பூச்சிமருந்து. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்திய வாரியமும் பதிவுக் குழுவும், எந்த மருந்துக்கு எந்தப் பயிரில், எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு அளவில் அனுமதி, தெளித்தபின் அறுவடைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்ற விவரங்களைப் பிடிஎஃப் பட்டியல்களாக வெளியிடுகின்றன. விவசாயியின் கேள்வி தலைகீழாக இருக்கும்: கத்தரியில் தண்டுத் துளைப்பான், பத்து நாளில் காய் பறிக்க வேண்டும், எதைத் தெளிக்கலாம்? பட்டியல் மருந்தின் பெயரில் தொடங்குகிறது, கேள்வி பயிரில் தொடங்குகிறது. இப்போது அந்தக் கேள்வி மருந்துக் கடைக்காரரிடம் போகிறது. அவர் தன்னிடம் இருப்பதைத் தருகிறார். கல்வெட்டுகளிலும் இதே நிலை. 1890 முதல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளை மன்னன், ஆட்சியாண்டு, பழைய நாட்டுப் பிரிவு ஆகிய மூன்றையும் சேர்த்துத் தேட ஆய்வாளர்கள் விரும்புகிறார்கள். அங்கே பணம் குறைவு, தேவை மிக அதிகம்.

பூச்சிமருந்துக் கருவியை யாராவது எடுத்துச் செய்தால் என் நிரலின் பிடிஎஃப் பிரிக்கும் பகுதியைத் தரத் தயாராக இருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு விவசாயச் சந்தைக்குப் பக்கத்தில் உள்ள மருந்துக் கடையில், ஓர் ஆண்டு முழுவதும் நோட்டும் கையுமாக உட்காருங்கள். கார்ப் பருவத்தில் வரும் கேள்விகளும் தைக்குப் பின் வரும் கேள்விகளும் வேறு வேறாக இருக்கும், இரண்டும் வேண்டும்.